அம்மா தெரிந்தெடுத்த பொன்னாடை

ஈஸ்ட் ஹாம்,
19 ஜனவரி 2025

அன்புள்ள சித்தி,

இந்தக் கடிதத்தில் நடந்தவற்றை நடந்தபடியே எழுதப்போகிறேன். அம்மாவுக்காகக் கூட்டவும் மாட்டேன், உங்களுக்காகக் குறைக்கவும் மாட்டேன். எனக்குச் சரியாகத் தெரியாத இடத்தில் தெரியாது என்றே எழுதுவேன்.

ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். "பிறேமினிச் சித்திக்குப் போன் எடுக்கக்கூடாது, மெசேஜும் போடக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இது தந்திரம்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் பொய் இல்லை.

போன சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி முடிந்து நான் அம்மா வேலை செய்யும் சாறிக்கடைக்குப் போனேன். வழக்கம்போல மேசைக்குப் பின்னால் இருந்து புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்போது உங்கள் பழைய மாணவிகள் சங்கத் தலைவி தவநாயகி அன்ரி வந்தார்.

"சிவகௌரி, ஒரு பொன்னாடை வேணும் பிள்ளை. பாக்கிறவையின்ர கண்ணைப் பறிக்கவேணும்."

"ஆருக்கு அன்ரி?"

"எங்கட பள்ளிக்கூடத்துப் பழைய விளையாட்டுக்காரி ஒராளுக்கு. மே மாதம் பழைய மாணவிகள் வலைப்பந்துப் போட்டியண்டு போர்த்தப்போறம்."

அம்மாவுக்கு நல்ல சந்தோஷம். இருந்ததையெல்லாம் எடுத்து விரித்தார். "இது நூல் பிரியும், வேண்டாம். இது பளபளக்கும், ஆனா ஒருக்காத் தோய்க்க ஏலாது" என்று தள்ளித் தள்ளிக் கடைசியில் அரக்கு நிறத்தில் தங்கக் கரை போட்ட ஒன்றைத் தெரிந்தெடுத்தார். அழகாக மடித்துப் பெட்டியில் வைத்தார். பேனையையும் எடுத்தார்.

"பேரைச் சொல்லுங்கோ அன்ரி, மூடியில எழுதிவிடுறன்."

"உம்மட பேரைத்தான் எழுதும். உம்மட தங்கச்சி பிறேமினிதான் கேட்டவ, அக்காவைக் கௌரவிக்கவேணும் எண்டு. இந்த முறை அணியில உம்மட இடத்தில ஹம்சினியைப் போட்டாச்சு. நீர் முன்வரிசையில வந்து இருந்தால் போதும்."

அம்மா மூடியில் தன் பெயரைத் தானே எழுதினார். எழுத்து கோணவில்லை. நான் எட்டிப் பார்த்தேன்.

அன்று மாலை நீங்கள் இருவரும் போனில் சண்டை பிடித்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. பாதிதான் கேட்டது, அதனால் அதை எழுதவில்லை. அம்மா சொன்ன ஒன்று மட்டும் தெளிவாகக் கேட்டது: "என்னைப் பொம்மை மாதிரிக் கதிரையில இருத்தி மூடப் பாக்கிறாய் என்ன?"

சித்தி, ஏன் அப்படிச் செய்தீர்கள்? நீங்கள்தானே அணித் தலைவி. அம்மாவிடம் முதலில் கேட்டிருக்கலாமே?

அன்புடன்,
தக்ஷிகா


ஸ்ட்ரெதம்,
26 ஜனவரி

அன்பின் தக்ஷி,

கடிதம் கிடைத்தது. முத்திரை ஒட்டிய கடிதத்தைப் பார்த்ததும் துஷாந்தன் சித்தப்பா, "வேகமாக் கார் ஓடினதுக்கு ஃபைன் வந்திட்டுதோ" என்று பயந்துவிட்டார்.

நீ வழக்கறிஞராகத்தான் வருவாய். சரி, கேள்.

உன் அம்மா பதினாறு வயதில் யாழ்ப்பாணம் முழுவதற்கும் தெரிந்த ஷூட்டர், வளையத்தில் பந்து போடுகிற ஆள். பந்து வளையத்துக்கு மேலே போகும், அக்காவும் கூடவே போவா. மற்றப் பிள்ளைகள் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். நான் நடுவில், சென்ரரில் நின்று எறிவேன். எங்கே எறிவது என்று நான் யோசித்ததே இல்லை. மேலே எறிந்தால் போதும். லண்டனுக்கு வந்தும் அப்படித்தான் விளையாடினோம். பிறகு முழங்கால் போனது. ஒப்பரேஷன் செய்து திரும்பி வந்தா. அதற்குப் பிறகுதான் போன வருடம் குதிகால்.

அன்று நீ வரவில்லை. நான் எறிந்த பந்துக்கு அக்கா குதித்தா. 'டப்' என்று ஒரு சத்தம். பலூன் உடைந்ததென்று நினைத்தேன். அக்கா விழுந்து கிடந்தபடி திரும்பி என்னைப் பார்த்து, "ஏன்டி எனக்குக் காலால அடிச்சனி?" என்று கத்தினா. நான் அவவுக்குக் கிட்டவே நிற்கவில்லை. நான் நின்றது மைதானத்தின் நடுவில். குதிகால் நரம்பு அறுந்தால் யாரோ பின்னால் உதைத்த மாதிரித்தான் இருக்குமாம், டொக்டர் பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தா.

அந்தச் சத்தத்தை இன்னொரு முறை கேட்க என்னால் ஏலாது. அவ்வளவுதான். பொன்னாடை மரியாதைக்காகத்தான். கேட்டிருக்கலாம் என்கிறாய். கேட்டால் 'ஓம்' என்று சொல்லுகிற ஆளா அவ?

உன் படிப்பைக் கவனி.

சித்தி


ஈஸ்ட் ஹாம்,
16 பெப்ரவரி

அன்புள்ள சித்தி,

உங்கள் கடிதத்தைத் தபால்காரர் போட்டபோது அம்மாதான் எடுத்தார். உறையில் இருந்த உங்கள் எழுத்தைப் பார்த்தார். பிரிக்காமல் என் மேசையில், புத்தகங்களுக்கு மேலே, நேராக வைத்துவிட்டுப் போனார். ஆகவே இனி இது தந்திரமும் இல்லை.

அம்மா மறுபடி பயிற்சி எடுக்கிறார். வாரத்தில் இரண்டு மாலை வேலை முடிந்து பிளேஸ்டோவில் உள்ள விளையாட்டு மண்டபத்துக்குப் போகிறோம். வளையத்துக்குக் கீழே நின்று பந்து பொறுக்குவது நான்.

உண்மையாக எழுதுவதாகச் சொன்னேன், எழுதுகிறேன். நிறையத் தவறுகிறது. நாள் முழுக்கக் கடையில் நின்ற கால், ஏழு மணிக்கு மேல் வீங்குகிறது. வியாழக்கிழமை ஒரு பந்தைப் பிடித்துவிட்டுத் திரும்பியபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "சப்பாத்து வழுக்குது" என்றார். சப்பாத்து வழுக்கவில்லை.

இன்னொன்று. அம்மா குதிப்பதே இல்லை. பிசியோதெரபி செய்யும் பெண் போன மாதமே குதிக்கலாம் என்று சொல்லிவிட்டார். நான் கேட்டேன், "ஏனம்மா குதிக்கேல்லை?" அம்மா பந்தைத் தரையில் தட்டித் தட்டிச் சொன்னார், "பந்து தவறினால் திருப்பிப் போடலாம். அந்தச் சத்தம் வந்தால் என்ன செய்யிறது?"

நீங்களும் அதே சத்தத்தைத்தான் எழுதியிருந்தீர்கள். அம்மாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமோ என்று தெரியவில்லை.

அன்புடன்,
தக்ஷிகா


ஸ்ட்ரெதம்,
23 பெப்ரவரி

அன்பின் தக்ஷி,

சுவரைப் பிடித்தா என்று எழுதினாய். காலும் வீங்குகிறது என்று எழுதினாய். இதைத்தான் நானும் சொன்னேன். ஹம்சினிக்குப் பத்தொன்பது வயது. லண்டனில் பிறந்த பிள்ளை. தாயார் எங்களோடு படித்தவர் என்பதால் எங்கள் பள்ளிக்கூடத்துக்காக விளையாடுகிறாள். அந்தப் பள்ளிக்கூடத்தின் வாசற் கேற்றைக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் ஓடுகிறாள், குதிக்கிறாள். அணியை மாற்றுவதாக இல்லை.

உண்மையை எழுதியதற்கு நன்றி. உன் கடிதம் எனக்கு ஒரு முடிவு தந்தது.

அக்காவிடம் ஐஸ் வைக்கச் சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

சித்தி


ஈஸ்ட் ஹாம்,
30 மார்ச்

அன்புள்ள சித்தி,

உங்களுக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் எடுத்தது கோபத்தால்தான். நான் உண்மையை எழுதியது அம்மாவுக்கு எதிரான சாட்சியாகப் போய்விட்டது. இனி எழுதுவதில்லை என்று நினைத்தேன். பிறகு, கெட்டதை எழுதிவிட்டு நல்லதை எழுதாமல் விட்டால் அதுதான் பொய் என்று தோன்றியது. ஆகவே மிச்சத்தையும் வாசியுங்கள்.

அம்மா இப்போது வேறு மாதிரி விளையாடுகிறார். பந்தைத் தேடிப் போவதில்லை. வளையத்துக்குக் கிட்ட ஒரு இடத்தைப் பிடித்து, தடுப்பவரைத் தனக்கு முன்னால் மறித்து வைத்து, கால்களை அகட்டி மரம் மாதிரி நிற்கிறார். பந்து தடுப்பவரின் தலைக்கு மேலால் அம்மாவுக்குப் பின்பக்கம் வரவேண்டும். அப்போது ஒரு காலில் திரும்பிப் பிடித்துப் போடுகிறார். மண்டபத்துக்கு வரும் மற்றப் பெண்களோடு செவ்வாய்க்கிழமைகளில் விளையாடுகிறோம். முதல் வாரம் அவர்கள் அம்மாவைப் பாவம் பார்த்து விட்டுக்கொடுத்தார்கள். இப்போது இரண்டு பேர் சேர்ந்து மறிக்கிறார்கள். அம்மாவுக்கு அதில் அவ்வளவு பெருமை. "ரெண்டு பேர் வேண்டிக்கிடக்கு பாத்தியே!" என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

தூரத்திலிருந்தும் போடுகிறார். வளையத்துக்கு முன்னால் தரையில் வரைந்த வட்டத்தின் ஓரக் கோட்டிலிருந்து. எப்போதும் விழுகிறது என்று சொல்லமாட்டேன். ஆனால் விழாதபோதுதான் இப்போது நான் ஆச்சரியப்படுகிறேன்.

இன்னும் குதிக்கவில்லை.

கடைசியாக ஒன்று. போன செவ்வாய் மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒருவர் நெடுநேரம் நின்றார். மழை. குடையைத் தாழ்த்திப் பிடித்திருந்ததால் முகம் தெரியவில்லை. அது யாரென்று எனக்குத் தெரியாது என்றே எழுதுகிறேன்.

தக்ஷிகா


ஸ்ட்ரெதம்,
6 ஏப்ரல்

அன்பின் தக்ஷி,

வட்டத்தின் ஓரத்திலிருந்து போடுகிறாவாம்! யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அக்கா வளையத்துக்குக் கீழே நின்று போடுகிற ஆள்.

இருந்தாலும், அணிப் பட்டியலில் மேலதிகமாக ஒரு பெயர் சேர்த்திருக்கிறேன். ரிசேர்வ் ஷூட்டர், சிவகௌரி இராஜேந்திரன். தவநாயகி அன்ரிக்குத் தலை சுற்றிவிட்டது. "பொன்னாடை போர்த்துற ஆளை எப்பிடிப் பிள்ளை விளையாட விடுறது? விழா மலரில 'முன்னாள் வீராங்கனை' எண்டு அச்சடிச்சாச்சு" என்று அழாத குறை. அச்சடித்தால் அடித்ததுதான், இருக்கட்டும் என்றேன்.

இதை நீ அக்காவுக்குச் சொல்லவேண்டும். நான் சொன்னால் போனை வைத்துவிடுவா. களத்தில் இறக்குவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை, அதையும் சொல்.

அதோடு அந்தச் செம்மஞ்சள் காலுறையைக் குப்பையில் போடச் சொல். குதியில் ஓட்டை.

சித்தி


ஈஸ்ட் ஹாம்,
13 ஏப்ரல்

அன்புள்ள சித்தி,

காலுறையைப் பற்றி நான் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. வேறொன்றும் சொல்லமாட்டேன்.

உங்கள் கடிதத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். என் வாயால் சொன்னால் எங்காவது ஒரு சொல் மாறிவிடும் என்று பயம். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே வாசித்தார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, என்னை ரிசேர்வில போட்டிருக்கிறாளாம். நான் என்ன, தண்ணிப் போத்தல் தூக்கவோ?"

அப்பா, "அப்ப மாட்டன் எண்டு சொல்லிவிடும்" என்றார்.

"ஏன் மாட்டன்? அவ்வளவு பெரிய ஆளா அவள், நான் மாட்டன் எண்டு சொல்ல?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அன்று பின்னேரமே ஹை ஸ்ட்ரீட்டில் புதுச் சப்பாத்தும் காலுறையும் வாங்கினோம். காலுறை மறுபடியும் செம்மஞ்சள்தான்.

பயிற்சிக்கு உங்களிடம் வரமாட்டாராம். "என்ர விளையாட்டு அவளுக்குத் தெரியும். தெரியாட்டில் கதவுக்கு வெளியில நிண்டு பாக்கட்டும்" என்றார். சத்தியமாக இதை நான் அம்மாவுக்குச் சொல்லவில்லை. அவரும் பார்த்திருக்கிறார்.

நாளை வருடப்பிறப்பு. வழமையாக நீங்கள் வருவீர்கள். அம்மா வழமையான அளவு அரிசிதான் ஊறப்போட்டிருக்கிறார்.

தக்ஷிகா


ஸ்ட்ரெதம்,
12 மே

தக்ஷி,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறினது மாதிரித்தான் இருக்கும். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஆறு வாரம்.

போட்டியில் நான் விழும்வரை நடந்தது எனக்குத் தெரியும். எதிரணியின் மேனுஷா தடுப்பில் நின்று ஹம்சினியை மூச்சு விட விடவில்லை. மூன்றாம் பகுதியில் நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஏற்கெனவே ஜக்கெற்றைக் கழற்றிக்கொண்டிருந்தா. மற்ற ஷூட்டருக்குப் பதிலாக உள்ளே வந்து என்னைப் பார்த்து ஒரே ஒரு சொல், நாலு மாதத்துக்குப் பிறகு முதல் சொல்: "பின்னால எறி." எறிந்தேன். தக்ஷி, இத்தனை வருடம் மேலே எறிந்த கை. அன்று பின்னால் எறிந்தேன், அவ முகம்கூடத் திருப்பவில்லை, கை மட்டும் திரும்பியது, பந்து உள்ளே. அந்தச் சந்தோஷத்தில் காலடியைப் பார்க்காமல் ஓடி விழுந்ததுதான் இது.

கடைசிப் பகுதி தொடங்க முன்னரே சித்தப்பா என்னைக் காரில் ஏற்றிவிட்டார். இரவு ஆஸ்பத்திரிக்கு உன் அம்மா வந்தா. என் கையைத் தூக்கி வைத்திருந்த ஆஸ்பத்திரித் துணியைத் தொட்டுப் பார்த்து, "இதென்ன துணி, நாளைக்கே கிழிஞ்சிடும்" என்று அவிழ்த்தா. கைப்பையிலிருந்து பொன்னாடையை எடுத்து மடித்து என் கழுத்தில் கட்டி, கையைத் தூக்கி வைத்தா. நேர்ஸ் பிள்ளை வாயைத் திறந்தபடி பார்த்தாள். "எப்படி அக்கா முடிஞ்சுது?" என்று கேட்டேன். "வெண்டிட்டம்" என்றா. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இன்று காலை போன் எடுத்தும் கேட்டேன். "வெண்டதுதானே, விடு" என்கிறா. தன்னைப் பற்றி அவ எப்போது சொன்னா?

நீ எழுது. ஒன்றையும் விடாதே.

சித்தி


ஈஸ்ட் ஹாம்,
15 மே

அன்புள்ள சித்தி,

நீங்கள் போன பிறகு முதலில் எல்லாம் பிழைத்தது. உங்கள் இடத்துக்கு வந்த மற்ற ஆட்டக்காரி பந்தை உயர எறிந்தார். அம்மா குதிக்கவில்லை. பந்து தலைக்கு மேலால் போய்விட்டது. அடுத்ததும் அப்படியே. மேனுஷா பந்தை எடுத்துக்கொண்டு சிரித்தார்.

"அன்ரி, குதிச்சால்தானே பிடிக்கலாம்."

"குதிக்கிறதை நீ பாத்துக்கொள்ளு பிள்ளை. போடுறதை நான் பாத்துக்கொள்ளுறன்."

மேனுஷாவும் சிரித்தார், அம்மாவும் சிரித்தார். ஆனால் அம்மாவின் கழுத்து நரம்பு தெரிந்தது.

அப்போது அம்மா ஹம்சினியை வட்டத்துக்குள் தன் பக்கம் கூப்பிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. பிறகு ஹம்சினியிடம் கேட்டேன். "நீ ஓடு, மறிக்கிற ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு ஓடு. நான் நிக்கிற இடத்திலயே நிப்பன். எனக்குப் பின்னால தா" என்றாராம். அதற்குப் பிறகு பந்து ஹம்சினிக்கு வந்தது, ஹம்சினியிடமிருந்து அம்மாவுக்குப் பின்னால் வந்தது. அம்மாவின் இடத்தை எடுத்தவர் என்று ஹம்சினி மேல் எனக்கு ஜனவரியிலிருந்து கோபம். அன்று அது போய்விட்டது. அவர் ஓடியிராவிட்டால் அம்மா நின்றிருக்க முடியாது.

அம்மா ஒன்றும் தவறவிடவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது சரியில்லை, ஒன்று தவறினார். வளையத்தில் பட்டு வெளியே வந்தது. அம்மா உதட்டைக் கடித்துவிட்டு அதே இடத்துக்குப் போய் நின்றார். அதைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

கடைசியில் இரண்டு அணியும் சமம். பந்து அம்மாவின் கையில். நின்ற இடம் வட்டத்தின் ஓரக் கோடு, நீங்கள் நம்பமாட்டேன் என்ற அதே இடம். ஹம்சினி வளையத்துக்குக் கிட்டக் கையை நீட்டியபடி நின்றார், ஆனால் மேனுஷா அவருக்கு முன்னால். பந்தை மூன்று வினாடிக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அப்பா என் தோளைப் பிடித்திருந்தார், இப்போதும் வலிக்கிறது. அம்மா கையை உயர்த்தி, அவசரப்படாமல் போட்டார். பந்து வளையத்தின் விளிம்பில் ஓடியது. ஓடி, உள்ளே விழுந்தது. விசில்.

எல்லோரும் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தார்கள். நானும் ஓடினேன். அம்மா அவர்களுக்கு மேலால் உங்களைக் கொண்டுபோன கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பொன்னாடை. தவநாயகி அன்ரி ஒலிவாங்கியில் எழுதி வைத்ததை வாசிக்கத் தொடங்கினார். "எமது பள்ளிக்கூடத்தின் முன்னாள்..." என்று நிறுத்தினார். தாளைப் பார்த்தார். வியர்த்து நின்ற அம்மாவைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். மண்டபம் முழுக்கச் சிரித்தது. அன்ரி தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, "எங்கட சிவகௌரி" என்றார். அவ்வளவுதான். அப்படிக் கை தட்டியதை நான் கேட்டதில்லை.

அம்மா குனிந்தார். அன்ரி போர்த்தினார். அம்மா கரையைத் தடவிப் பார்த்து, "நல்ல சாமான் அன்ரி, நூல் பிரியாது" என்றார். அடுத்த நிமிடம், "எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டார்.

இனி உங்களுக்கு மட்டும் ஒன்று. இதை அப்பாவுக்கும் சொல்லவில்லை.

எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்து ஹோர்ன் அடித்தார். உங்கள் பை அணியினர் இருக்கும் வாங்குக்குக் கீழே கிடந்தது நினைவுக்கு வந்து நான் திரும்பி ஓடினேன். மண்டபத்தில் அம்மா மட்டும் நின்றார், தோளில் பொன்னாடை, கையில் பந்து. மண்டபத்துக்குப் பொறுப்பானவர் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு விளக்குப் பலகைக்குப் பக்கத்தில் நின்று, மூடப்போகிறோம் என்றார். அம்மா ஒரு விரலைக் காட்டினார், ஒன்றே ஒன்று என்று.

அம்மா என்னைக் காணவில்லை. பொன்னாடையின் இரண்டு நுனியையும் இடுப்பில் செருகிக்கொண்டார். வளையத்துக்குக் கிட்டப் போய், பந்தைத் தானே உயர எறிந்தார், நீங்கள் எறிவதைப்போல, நல்ல உயரமாக. அந்தச் சத்தம் வரக்கூடாது என்று மட்டும் நினைத்தேன்.

அம்மா குதித்தார். பந்து வளையத்துக்கு மேலே போனது, அம்மாவும் கூடவே போனார். இரண்டு கால்களும் தரையில் இல்லாததை என் கண்ணால் கண்டேன். அம்மாவின் கை பந்தைத் தொட்டதையும் கண்டேன். அதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். இருட்டில் கேட்டது அம்மாவின் இரண்டு கால்களும் தரையில் இறங்கிய சத்தம் மட்டும்தான்.